உருண்டை உடையாமல் ஒரு ஸ்பாகெட்டி

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே தட்டைச் சுற்றித்தான்: முட்டை, பால், இறைச்சி எதுவும் இல்லாத ஸ்பாகெட்டியும் அதன் மேல் உட்காரும் உருண்டைகளும். வீட்டில் ஒரு பிள்ளை திடீரென்று வீகன் ஆகிவிட்டதாகச் சொல்லித்தான் பாதிப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

கல்லூரியில் படிக்கும் மகள் வீகன் ஆகிவிட்டாள். கடையில் வாங்கும் ஸ்பாகெட்டியில் முட்டை இருக்குமா? (கோவை)

காய்ந்த ஸ்பாகெட்டியில் பெரும்பாலும் இருக்காது. டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவை, தண்ணீர், அவ்வளவுதான். இத்தாலியில் விற்கும் காய்ந்த பாஸ்தாவை டியூரம் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டார்கள். முட்டை சேர்ப்பது பெரும்பாலும் குளிர்பெட்டியில் வைத்து விற்கும் ஈரப் பாஸ்தாவில்.

நம் ஊரில் இன்னும் சுலபம். லேபிள் விதிப்படி முட்டை சேர்ந்த பொருளுக்குப் பச்சைப் புள்ளி கிடையாது. ஆனால் பச்சைப் புள்ளி பாலைத் தடுக்காது, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வீகன் பொருளுக்கென்று 2022இல் தனி விதிமுறை வந்திருக்கிறது. பச்சை நிறத்தில் ஆங்கில ‘வி’ எழுத்தும் சின்ன இலையும் சேர்ந்த முத்திரை அது. அது இல்லாவிட்டால் பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படியுங்கள். ஸ்பாகெட்டியைவிட ரொட்டித் தூளில்தான் பால் பொடி ஒளிந்திருக்கும். வூஸ்டர்ஷயர் சாஸ் பாட்டில் வீட்டில் இருந்தால் அதைத் தொடாதீர்கள், வழக்கமான செய்முறையில் நெத்திலி வகை மீன் உண்டு.

மீல்மேக்கரில் உருண்டை பிடிக்கிறேன். பொரிக்கும்போது நன்றாக இருக்கிறது, சாஸில் போட்டதும் கரைந்து களியாகிறது. மூன்று முறை தோற்றுவிட்டேன். (திருநெல்வேலி)

மூன்று முறைதானே? என் முதல் முயற்சியில் விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே பதினைந்து உருண்டைகளும் சாஸோடு சாஸாகிவிட்டன. கிண்டி விட்டு, ‘இது கொத்துக்கறி ஸ்டைல்’ என்று சொல்லிப் பரிமாறினேன். யாரும் குறை சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

காரணம் எளிது. இறைச்சி சூட்டில் தானாகவே இறுகும். அதில் உள்ள புரதம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், முட்டையும் அதைத்தான் செய்கிறது. மீல்மேக்கரில் உள்ள புரதம் ஆலையிலேயே வெந்து இறுகி முடிந்த சரக்கு, மறுபடி ஒட்டாது. ஒட்டவைக்கும் வேலையை வேறொன்று செய்ய வேண்டும். அந்த ‘வேறொன்று’ உங்கள் வீட்டு டப்பாவிலேயே இருக்கிறது. கோலா உருண்டைக்கு எதைச் சேர்ப்பீர்கள்? பொட்டுக்கடலை மாவு. அதேதான்.

என் அளவைத் தருகிறேன். சின்ன மீல்மேக்கர் 100 கிராமை உப்புப் போட்ட கொதிநீரில் 15 நிமிடம் ஊறவிட்டு, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒட்டப் பிழியுங்கள். இங்கே சோம்பேறித்தனம் கூடாது, கையில் பிழிந்த பிறகு துணியில் கட்டி இன்னொரு முறை. மிக்சியில் விட்டு விட்டு நான்கைந்து சுற்று. தேங்காய்த் துருவல்போல உதிரியாக இருக்க வேண்டும், விழுதாகக் கூடாது. வெங்காயம் ஒன்று, பூண்டு நான்கு பல், பட்டன் காளான் 100 கிராம், எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, தண்ணீர் முழுக்க வற்றும் வரை வதக்கி ஆறவிடுங்கள். ஆளி விதைப் பொடி ஒரு மேசைக்கரண்டியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் வெண்டைக்காய்போல வழவழப்பாகும். அது முட்டையின் இடத்துக்கு. இவற்றோடு ரொட்டித் தூள் அரை கப், பொட்டுக்கடலை மாவு மூன்று மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, மிளகு, காய்ந்த ஒரிகானோ, அரைத் தேக்கரண்டி சோம்பு. சோயா சாஸில் உப்பு நிறைய இருக்கிறது, ருசி பார்த்துவிட்டு உப்புச் சேருங்கள். சோம்பு என் விருப்பம் மட்டுமல்ல, இத்தாலியச் சாசேஜ்களில் பலவற்றின் வாசனையே அதுதான்.

பிசைந்ததை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மாவு ஈரத்தைக் குடித்து இறுக அந்த நேரம் வேண்டும். ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்: விரிசல் விட்டால் இரண்டு சொட்டு தண்ணீர், கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு. சிறிய எலுமிச்சை அளவில் இருபது வரும்.

அப்புறம் முக்கியமான கட்டம். பருப்பு உருண்டைக் குழம்பு வைக்கிறவர்கள் உருண்டையை முதலில் ஆவியில் வேகவைப்பார்கள் இல்லையா? அதையே செய்யுங்கள். இட்லித் தட்டில் பத்து நிமிடம். ஆறிய பிறகு எண்ணெயில் சிவக்க வறுக்கவும். சாஸ் தனியாகக் கொதித்து முடிந்து, அடுப்பைச் சிறு தீயில் வைத்த பிறகு உருண்டைகளை இறக்கி ஐந்தே நிமிடம். கரண்டி போடாமல் சட்டியைத் தூக்கி ஆட்டிவிடுங்கள். நான்காவது முறை தோற்க மாட்டீர்கள்.

எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் முடியுமா? (சேலம்)

குழிப்பணியாரக் கல். குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய், திருப்பித் திருப்பி விட்டால் எல்லாப் பக்கமும் சிவக்கும். ஓவனில் வைத்தால் வேலை மிச்சம், ஆனால் மேல்தோல் காய்ந்து போகும். எண்ணெய் தடவித்தான் வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு சோயா ஒத்துக்கொள்ளாது. வேறு எதில் செய்யலாம்? (ஸ்கார்பரோ)

கத்தரிக்காய். உண்மையைச் சொன்னால் எனக்கு மீல்மேக்கரைவிட இதுதான் பிடிக்கும். தெற்கு இத்தாலியில், குறிப்பாகக் கலாப்ரியாவில், கத்தரிக்காய் உருண்டை பழைய வீட்டுச் சமையல். பெயர் பொல்பெத்தே தி மெலன்சானே. பொல்பெத்தே என்றால் உருண்டை, மெலன்சானே என்றால் கத்தரிக்காய். கறி வாங்க வசதியில்லாத வீடுகளில் பழைய ரொட்டியும் தோட்டத்துக் காயும் சேர்ந்து கறியின் இடத்தை நிரப்பின. ‘கறியில்லாத கறி உருண்டை’ ஏதோ நேற்று அமெரிக்காவில் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம்.

அவர்கள் முட்டையும் ஆட்டுப்பால் சீஸும் சேர்ப்பார்கள், நமக்கு அவை வேண்டாம். பெரிய கத்தரிக்காய் ஒன்றைத் தீயில் சுட்டுத் தோலுரித்து, வடிதட்டில் அரை மணி நேரம் போட்டு நீரை இறக்குங்கள். சதையை மத்தால் மசித்து, முந்தைய நாள் ரொட்டியை உதிர்த்துச் சேர்த்து, பிடிக்கும் பதம் வரும்வரை கடலை மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். பூண்டு, பார்ஸ்லி, உப்பு, மிளகு. உள்ளே மெத்தென்று இருக்கும், கறிபோல இருக்காது. இருக்கவும் வேண்டாம். மேலே சொன்ன சோயா சாஸையும் இதில் போடாதீர்கள், வாங்கும் ரொட்டியிலும் சோயா மாவு இருக்கிறதா என்று பாருங்கள்.

வாழைப்பூ கோலா உருண்டை பழகிய கை உங்களுடையது என்றால் அதுவும் பொருந்தும். கரம் மசாலாவை மட்டும் விட்டுவிடுங்கள். தக்காளி சாஸோடு அது சண்டை போடும்.

ஸ்பாகெட்டியும் மீட்பாலும் இத்தாலியில் கிடையவே கிடையாது என்கிறான் என் மகன். உண்மையா? (சென்னை)

முக்கால்வாசி உண்மை. இத்தாலியில் உருண்டை தனி, பாஸ்தா தனி. இரண்டையும் ஒரே தட்டில், அதுவும் டென்னிஸ் பந்து அளவு உருண்டையோடு குவித்தது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவுக்குக் குடியேறிய இத்தாலியர்கள். பெரும்பாலும் தெற்கத்திய ஏழைகள். ஊரில் பண்டிகைக்கு மட்டும் பார்த்த கறி, அங்கே வாரக் கூலியில் வாங்க முடிந்தது. உருண்டை பெருத்ததில் ஆச்சரியம் இல்லை.

மீதிக் கால்வாசியை மகனிடம் சொல்லுங்கள்: அப்ருட்சோ பகுதியில் டெராமோ என்ற ஊரில், கம்பி கட்டிய மரச் சட்டத்தில் மாவை அழுத்தி நூல்போல வெட்டுவார்கள். அந்தச் சட்டத்தின் பெயரே கிட்டார். அந்தப் பாஸ்தாவில் சுண்டைக்காய் அளவு கறி உருண்டைகளைப் போடுவது அங்கே பழைய வழக்கம். அதே அப்ருட்சோவில் கறியே இல்லாமல், சீஸும் முட்டையும் ரொட்டியும் பிசைந்து தக்காளி சாஸில் வேகவைக்கும் உருண்டையும் உண்டு.

சாஸ் நம் தக்காளித் தொக்குபோலவே வருகிறது. எங்கே தப்பு? (மதுரை)

தாளிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடுகும் கறிவேப்பிலையும் விழுந்தால் அது தொக்குதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இத்தாலிய வாசனை வேண்டுமென்றால் ஆலிவ் எண்ணெயில் பூண்டை நிறம் மாறாமல் வதக்க வேண்டும். பூண்டு சிவந்தால் கசக்கும். தக்காளியில்தான் அடுத்த வித்தியாசம். அவர்கள் விரும்பும் சான் மார்சானோ நீள வகை, சதைப்பற்று மிகுந்தது, விதையும் நீரும் குறைவு. நம் நாட்டுத் தக்காளி ரசத்துக்கு அருமை, சாஸுக்குப் புளிப்பும் நீரும் அதிகம். பெங்களூர்த் தக்காளி முக்கால், நாட்டுத் தக்காளி கால் என்று கலந்தால் சரியாக இருக்கும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்து, கையால் நசுக்கிப் போட்டு, சிறு தீயில் முப்பது நாற்பது நிமிடம். புளித்தால் சர்க்கரையை அள்ளாதீர்கள், ஒரு கேரட்டைத் துருவிப் போடுங்கள். மஞ்சள் தூள் வேண்டவே வேண்டாம்.

பேசில் கிடைக்கவில்லை. துளசி போடலாமா? (தஞ்சாவூர்)

துளசி வேண்டாம், மருந்து வாசனை வந்துவிடும். உங்கள் ஊரில் திருநீற்றுப்பச்சிலை கிடைக்குமே! தாவரவியல்படி அதுவும் பேசில் இனம்தான், ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை அந்தச் செடியுடையது. கடையில் விற்கும் இத்தாலிய வகையைவிட மணம் தூக்கல், அதனால் பாதி அளவு, அதுவும் அடுப்பை அணைத்த பிறகு.

சீஸ் இல்லாமல் என்ன தூவுவது? வீகன் சீஸ் விலை கட்டுப்படியாகவில்லை. (புதுச்சேரி)

வாங்காதீர்கள். சிசிலியிலும் கலாப்ரியாவிலும் சீஸ் வாங்க முடியாதவர்கள் செய்த தந்திரம் ஒன்று இருக்கிறது: பழைய ரொட்டியைத் தூளாக்கி, ஆலிவ் எண்ணெயில் பூண்டோடு பொன்னிறமாக வறுத்து மேலே தூவுவது. மொறுமொறுப்பாக, உப்பாக, அட்டகாசமாக இருக்கும். கூடுதல் பணக்காரத்தனம் வேண்டுமென்றால் வறுத்த முந்திரி அரை கப், பூண்டுப் பொடி, உப்பு சேர்த்துப் பொடிக்கலாம். நியூட்ரிஷனல் ஈஸ்ட் கிடைத்தால் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் சீஸ் வாடை வரும். ரொட்டி சுடும் ஈஸ்ட் வேறு, அதைப் போட்டுவிடாதீர்கள்.

வீகன் இல்லாத சைவர்களுக்கும் ஒரு சேதி. அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால்தான் உறையவைக்கிறார்கள். அது சைவமே இல்லை.

ஸ்பாகெட்டி கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. வேகும்போது எண்ணெய் விடலாமா? (ஈரோடு)

எண்ணெய் மேலே மிதக்கும், வடிக்கும்போது நூலில் ஒட்டி, சாஸை வழுக்கி விழச் செய்யும். தண்ணீர்தான் மருந்து: 100 கிராமுக்கு ஒரு லிட்டர், அதற்கு 10 கிராம் வரை கல் உப்பு. போட்டவுடன் ஓரிரு நிமிடம் கிளறுங்கள். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்து, நேராகச் சாஸ் சட்டிக்கு மாற்றி, வடித்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுப் புரட்டினால் அந்தக் கஞ்சிப் பசையில் சாஸ் நூலைப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள்; பசை போய்விடும். மைதாவில் செய்த மலிவுப் பாஸ்தா என்றால் இத்தனை செய்தும் குழையத்தான் செய்யும், அது உங்கள் தப்பில்லை.

வளரும் பையன். புரதம் போதுமா? (திருச்சி)

புரதம் கவலையில்லை, காய்ந்த மீல்மேக்கரில் பாதி எடை புரதம்தான். கவலைப்பட வேண்டியது வைட்டமின் பி12. செடியிலிருந்து வரும் உணவில் அதை நம்ப முடியாது. பி12 செறிவூட்டப்பட்ட உணவோ மாத்திரையோ கட்டாயம் வேண்டும், அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

மீந்த உருண்டையை வைத்துக்கொள்ளலாமா? (நாகர்கோவில்)

சாஸில் போடாத உருண்டை என்றால் ஃபிரீசரில் ஒரு மாதம் தாங்கும். தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு டப்பாவில் போடுங்கள், ஒன்றோடொன்று ஒட்டாது. சாஸில் ஊறியவை மறுநாள் உதிரும். அவற்றை நசுக்கிச் சாஸோடு சூடாக்கி, தோசைக்குள் வைத்துச் சுருட்டுங்கள்.