கூச்ச சுபாவம் உள்ளவர் ஸ்டார்ட்அப் தொடங்கினால் எடுபடுமா?

கேள்வி: பேராக்கின் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைச் சிறுதோட்டக்காரர்களையும் லோரிக்காரர்களையும் ஒரு செயலியில் இணைக்கும் தொழிலை நானும் என் மாமா மகனும் தொடங்கப் போகிறோம். அவன் யாரிடமும் பேசிவிடுவான், எனக்குக் கூச்சம். இணையத்தில் குணத்தை நான்கு எழுத்தில் சொல்லும் எம்பிடிஐ சோதனை செய்தேன், ஐஎன்டிஜே என்று வந்தது. இந்தக் குணத்தோடு தொழில் நடத்த முடியுமா?

பதில்:

முடியும். ஆனால் அந்த நான்கு எழுத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். எம்பிடிஐ ஆளை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. நடுவில் நிற்பவர் சில வாரம் கழித்து மறுபடி செய்தால் எழுத்து மாறிவிடலாம். ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஐந்து குணங்களை அளவாகப் பார்க்கிறார்கள்: புதுமை நாட்டம், ஒழுங்கு, கலகலப்பு, இணக்கம், மனப்பதற்றம். 2006-இல் ஜாவோ, ஸைபர்ட் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து, தொழில் தொடங்கியவர்களை நிறுவன மேலாளர்களோடு ஒப்பிட்டார்கள். தொழில் தொடங்கியவர்களிடம் ஒழுங்கும் புதுமை நாட்டமும் கூடுதலாக இருந்தன, பதற்றமும் இணக்கமும் குறைவாக இருந்தன. கலகலப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனவே அதிகம் பேசாதவர் என்பதற்காக நீங்கள் தயங்க வேண்டாம்.

நான் கவலைப்படுவது இணக்கத்தைப் பற்றித்தான். தோட்டப் பட்டணத்தில் வாடிக்கையாளர் என்று தனியாக யாரும் கிடையாது. ஒருவர் சித்தப்பா, ஒருவர் தமிழ்ப்பள்ளியில் கூடப் படித்தவர், இன்னொருவர் கோயில் திருவிழாவுக்கு ஒன்றாக உழைத்தவர். லோரிக்காரர் டீசலுக்கு முன்பணம் கேட்பார். சிறுதோட்டக்காரர் ஆலைப் பணம் வரும் முன்பே கை நீட்டுவார். இணங்கிப் போகும் குணமுள்ளவர் மறுக்க மாட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: டன்னுக்கு 5 வெள்ளி (ரிங்கிட்) கமிஷன் என்று வைத்தால் மாதம் 200 டன்னுக்கு உங்களுக்கு 1,000 வெள்ளி. அதே மாதம் நான்கு பேருக்கு ஆளுக்கு 300 கொடுத்தால் 1,200 வெள்ளி வெளியே நிற்கிறது. லோரி ஓடிக்கொண்டே இருக்கும், கையில் பணம் இருக்காது. இந்த ஊரில் நல்ல தொழில்கள் படுப்பது பெரும்பாலும் இப்படித்தான் என்பது என் கருத்து.

இதற்காகக் குணத்தை மாற்ற முயலாதீர்கள், அது எளிதில் நடக்காது. விதியை எழுதி வையுங்கள். முதல் மூன்று லோரி ஏற்றம் முடியாமல் யாருக்கும் முன்பணம் இல்லை. அதன் பிறகும் ஆளுக்கு 100 வெள்ளிக்கு மேல் இல்லை, கொடுத்தது அடுத்த ஏற்றத்திலேயே கழிக்கப்படும். கேட்டவருக்கு உடனே பதில் சொல்லாமல் மறுநாள் சொல்லுங்கள். முடிவு எடுப்பவர் கேட்டவருக்கு நெருங்கிய உறவாக இருக்கக் கூடாது. உங்கள் இருவருக்கும் அவர் உறவென்றால் விதியில் விலக்கே வேண்டாம்.

உங்கள் மாமா மகனின் பலம் பேச்சு. ஆபத்தும் அங்கேதான். 1988-இல் கூப்பர், வூ, டன்கெல்பெர்க் மூவரும் கிட்டத்தட்ட 3,000 தொழில்முனைவோரைக் கேட்டபோது, 81 விழுக்காட்டினர் தங்கள் தொழில் ஜெயிக்கப் பத்துக்கு ஏழு அல்லது அதற்கு மேல் வாய்ப்பு உண்டென்றார்கள். 33 விழுக்காட்டினர் பத்துக்குப் பத்து என்றார்கள். தங்களைப் போன்ற மற்றவர்களின் தொழிலுக்கு அதே ஆட்கள் குறைவாகத்தான் மதிப்பெண் கொடுத்தார்கள். இந்த நம்பிக்கை இல்லாமல் யாரும் தொழில் தொடங்க மாட்டார்கள், ஆனால் அது இல்லாத லோரியையும் இருப்பதாகச் சொல்ல வைக்கும். வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், ஆலை விலையில் கழிக்கும். வெட்டுச் சுற்று 10 முதல் 14 நாள். ஒரு சுற்றுக் குலை வீணானவர் அடுத்த சுற்றுக்குப் பழைய வியாபாரியிடமே போய்விடுவார், பக்கத்துத் தோட்டக்காரரிடமும் சொல்லுவார். அதனால் லோரிக்காரர் உறுதி சொல்லாமல் மாமா மகன் யாருக்கும் நேரம் கொடுக்கக் கூடாது. ஐந்து லோரி இருந்தால் நான்குக்கு மட்டும் பதிவு எடுங்கள், ஒன்று பழுதாகும்.

உங்களிடம் ஒழுங்கு அதிகமாக இருக்கலாம். அது எடைமேடைச் சீட்டைப் பத்திரப்படுத்தும், கணக்கைத் தவறவிடாது. ஆனால் செயலி முழுமையாகும் வரை வெளியே விடாது. செயலியே இப்போது வேண்டாம். 10 தோட்டக்காரர்கள், ஒரு வாட்சப் குழு, ஒரு கணக்குத் தாள் போதும். மூன்று வெட்டுச் சுற்றை, அதாவது 30 முதல் 42 நாள், இப்படியே நடத்துங்கள். எந்த இடத்தில் ஆள் போன் அடிக்கிறாரோ அதுதான் செயலியின் முதல் பக்கம். வெளியிடும் தேதியை மாமா மகன் குறிக்கட்டும், நீங்கள் குறிக்க வேண்டாம். ஒழுங்கின் பலத்தை உரிமங்களில் காட்டுங்கள்: குலையை நீங்களே வாங்கி விற்றால் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் (எம்.பி.ஓ.பி.) உரிமம் வேண்டும். லோரி ஏற்பாடு மட்டும் என்றாலும் அவர்களிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

புதுமை நாட்டம் உள்ளவர் உரம் விற்கலாம், ட்ரோன் விடலாம் என்பார். நோட்டில் எழுதிவிட்டுச் சுற்று முடிந்ததும் பாருங்கள். எளிதில் பதறுகிறவரிடம் வாராந்தரப் பணக் கணக்கைக் கொடுங்கள், காசு தீரப்போவது அவர் கண்ணில்தான் முதலில் படும்.

இரண்டு குணம் சேர்வது நல்லதுதான். 2001-இல் 1 வெள்ளிக்கும் 4 கோடி வெள்ளிக் கடனுக்கும் ஏர் ஏசியாவை வாங்கிய டோனி பெர்னாண்டஸ் அதன் முகமானார், நிதிப் பக்கத்தில் கமாருடின் மெரானுன் இருந்தார். ஆனால் பங்கு பிரிப்பது தாளில் இருக்க வேண்டும். நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் கூட்டுத் தொழிலாகப் பதிந்தால் 1961-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் வரும். ஒப்பந்தம் எழுதாவிட்டால் லாபமும் நட்டமும் சரிபாதி. தொழிலுக்காகக் கோப்பிக்கடையில் மாமா மகன் கொடுக்கும் வாக்கு உங்களையும் கட்டும். எனவே விலை யார் முடிவு, முன்பணம் யார் முடிவு, 500 வெள்ளிக்கு மேல் இருவர் கையெழுத்து என்பதை முதல் ஏற்றத்துக்கு முன்பே எழுதுங்கள்.

அதற்கு முன், எம்பிடிஐக்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். மாமா மகனைப் பற்றி நீங்களும் உங்களைப் பற்றி அவரும் தனித்தனித் தாளில் மூன்று பதில் எழுதுங்கள்: உறவுக்காரர் பணம் கேட்டால் என்ன செய்வார், கொடுத்த நேரம் தவறினால் என்ன செய்வார், தனக்குத் தெரியாததை யாரிடம் கேட்பார். தாளை மாற்றிப் படித்துவிட்டு, ஒப்பந்தத்தில் யாருக்கு எந்த வேலை என்று நிரப்புங்கள்.