ஒரே உப்புத் தண்ணியில ஒரு நெல்லு கருகுது, இன்னொரு நெல்லு நிக்குது, ஏன்?

நம்ம ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடுற ஷாப்பு கழிவால பாலாத்தங்கரை கிணறெல்லாம் உப்பாயிடுச்சு, கழனி வரப்புல வெள்ளையா பூத்து கிடக்கும், நெல்லு இலை நுனியில இருந்து காஞ்சிகிட்டே வரும், பாத்தாலே வயிறு எரியும். வேர் உப்ப உறிஞ்சுது, அது தண்டு வழியா இலைக்கு ஏறி உப்புல இருக்குற சோடியம் சேந்து இலையோட செல்லுங்கள கெடுக்குது, அதான் விஷயம்.

தாங்குற நெல்லுல என்ன வித்தியாசம்னா, விஞ்ஞானிங்க உப்பு தாங்குற நோனா போக்ரா நெல்லையும் தாங்காத ஜப்பான் நெல்லு கோஷிஹிகாரியையும் கலந்து, பேரப்பயிர்ல எதெது தாங்குதுன்னு டிஎன்ஏவோட ஒப்பிட்டு பாத்து, 2005ல முதல் குரோமோசோம்ல எஸ்கேசி1னு ஒரு ஜீன புடிச்சாங்க. அது செய்யிற புரோட்டீன் ஒரு வாசல் காவக்காரன் மாதிரி, மேல ஏறுற சாறுல இருந்து சோடியத்த இழுத்து பக்கத்து செல்லுக்குள்ளயே வச்சிக்கும், இலைக்கு கம்மியாதான் போகும். ரெண்டு நெல்லுலயும் ஜீன் இருக்கு, அந்த புரோட்டீன கட்டுற அமினோ அமிலத்துல நாலுதான் மாறியிருக்கு!

கேரளாவோட உப்பு தாங்குற பொக்காளி நெல்லுல இருந்து வந்த சால்டால்ங்கற டிஎன்ஏ பகுதியும் அதே குரோமோசோம்தான், அத மார்க்கர்ங்கற டிஎன்ஏ அடையாளம் வச்சி நாத்துலயே இலைய கிள்ளி டெஸ்ட் பண்ணி நல்ல ரகத்துக்குள்ள கொண்டுவராங்க. ஆனா இந்த ஒரு ஜீன் மட்டும் போதாது, பூக்குற நேரத்து உப்புக்கு வேற ஜீன்களும் வேணும்.