ஊர்வசியைப் பார்த்துச் சிரிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

போன வாரம் வீட்டில் ‘உள்ளொழுக்கு’ மலையாளப் படம் போட்டோம். ஊர்வசி வந்ததுமே அம்மா சிரிக்கத் தயாராகிவிட்டார். அரைமணி நேரத்தில், “இவ எதுக்கு இந்த மாதிரிப் படத்துல எல்லாம் நடிக்கிறா?” என்று எழுந்து போய்விட்டார். நாற்பது வருடம் நகைச்சுவையில் பேர் வாங்கியவருக்கு இனிமேல் சோகம் ஒட்டுமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். ஆனால் ‘இனிமேல்’ என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

1983இல் வந்த ‘முந்தானை முடிச்சு’ ஞாபகம் இருக்கிறதா? பரிமளம் அதுவரை அடிக்கிற லூட்டிக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்போம். வாத்தியார் மேல் பழி போட்டு, கைக்குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்வாள் பாருங்கள், அந்த ஓர் எட்டில் சிரிப்பு நின்றுவிடும். அப்போது ஊர்வசிக்குப் பதின்ம வயதுதான்.

அவர் நடிக்கும் பெண்களுக்குத் தாங்கள் வேடிக்கையாக இருப்பது தெரியவே தெரியாது. ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்துத் திருபுரசுந்தரியை, கை நீளமான அந்தப் பாட்டியோடு சேர்த்துப் பாருங்கள். நமக்குத்தான் சிரிப்பு, அவளுக்கு எல்லாமே தலைபோகிற காரியம். சிரிக்கவைக்க வேண்டுமென்று முகத்தைக் கோணுகிறவர்களிடம் இது கிடைக்காது. (யாரென்று கேட்காதீர்கள்.)

2020 தீபாவளிக்கு ‘சூரரைப் போற்று’, இரண்டே நாளில் ‘மூக்குத்தி அம்மன்’. கொரோனா காலம், இரண்டுமே ஓடிடி. எங்கள் வீட்டில் ஒரே சோபாவில் இருந்து பார்த்தோம். ஒன்றில், அப்பாவின் காரியமெல்லாம் முடிந்தபிறகு வந்துசேரும் மகனைத் திட்டித் தீர்க்கிற அம்மா. இன்னொன்றில், விட்டுப் போன புருஷனைச் சொல்லிச் சொல்லியே காலம் தள்ளுகிற அம்மா. குரல் ஒன்றுதான். சிரிப்பில் ஒரு வாக்கியத்தை முடிக்காமலே அடுத்ததற்குத் தாவிவிடுகிறார். துக்கத்தில் முடிக்காமலே விட்டுவிடுகிறார். நான் கண்ட வித்தியாசம் அவ்வளவுதான்.

‘உள்ளொழுக்கு’ லீலாம்மாவும் அப்படித்தான். குட்டநாட்டு வெள்ளம். தண்ணீர் வடியாமல் மகனை அடக்கம் செய்ய முடியாது. வீட்டில் சவத்தை வைத்துக்கொண்டு, மருமகளின் வயிற்றுப் பிள்ளை மகனுடையது இல்லை என்பதையும் தெரிந்துகொள்கிறாள். வேறு யாராவது என்றால் மாரில் அடித்துக்கொண்டு அழவைத்திருப்பார்கள்.

அப்புறம் எனக்கு ஒரு பொருமல் உண்டு. அந்தப் படத்துக்குக் கேரள அரசு கொடுத்தது சிறந்த நடிகை விருது. தேசிய விருதில் அதுவே ‘துணை நடிகை’ ஆகிவிட்டது. இருபது வருடம் முன்னால் ‘அச்சுவிண்டே அம்மா’வுக்குக் கிடைத்த தேசிய விருதும் துணை நடிகைக்குத்தான். படத்தின் பெயரே அந்த அம்மாவைத்தான் சொல்கிறது, சாமி! யாருக்கு யார் துணை? இந்தமுறை ஊர்வசியே வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

சரி, அம்மாவை விடாதீர்கள். அடுத்து ‘ஜே பேபி’ போடுங்கள். வீட்டைவிட்டுப் போய்க் கொல்கத்தாவில் இருக்கும் தாயை, பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு மகன்கள் கூட்டிவரப் போகிற கதை. சிரிக்கத் தயாராகவே உட்காரட்டும். எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினார் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.