இரட்டைக் குடியுரிமை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் கனேடியக் குடியுரிமை பெற்றுப் பல வருடங்களாகின்றன. பழைய தேசிய அடையாள அட்டை இன்னும் என் கையில் இருக்கிறது. சாவகச்சேரியில் உள்ள காணியை அம்மா எனக்கு எழுதித்தர விரும்புகிறார். பக்கத்துக் காணியும் விலைக்கு வந்திருக்கிறது. நான் இப்போதும் இலங்கைப் பிரசைதானே?
– வாசகி, டொரொன்டோ

பதில்: இல்லை, அம்மா. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, வம்சாவழியால் பிரசையான ஒருவர் தாமாக விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், அப்போதே அவருடைய இலங்கைப் பிரசாவுரிமை அற்றுப்போகிறது. அதைத் தெரிவித்து எவரும் கடிதம் அனுப்புவதில்லை. அடையாள அட்டையும் அலுமாரியில் பத்திரமாக இருப்பதால், உரிமையும் இருப்பதாகவே பலர் நம்பிவிடுகிறார்கள். கனடா 1977 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் இலங்கைப் பக்கத்தில், இழந்த உரிமையை மீளப் பெற, அதே சட்டத்தின் 19ஆம் பிரிவின் கீழ் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து அனுமதி பெற்றாக வேண்டும்.

காணி விடயத்தில் இந்த வேறுபாடு நேரடியாக வந்து நிற்கும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியின் உடைமையை மாற்றுவதைத் தடுக்கிறது. நெருங்கிய உறவினர் நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ கொடுக்கும் காணிக்கு அதில் விலக்கு உண்டு என்பதால், அம்மா எழுதித்தருவதற்கு வழி இருக்கிறது. பக்கத்துக் காணியை விலைக்கு வாங்குவதற்கு அந்த விலக்கு உதவாது. இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே வாங்குங்கள். பழைய அடையாள அட்டையைக் காட்டி உறுதி முடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சட்டம் தடுத்த கைமாற்றம் செல்லாது. கொடுத்த பணத்துக்காக நீங்கள்தான் நீதிமன்றம் ஏறியிறங்க வேண்டிவரும்.

கேள்வி: இரட்டைக் குடியுரிமை பெற்றபின் இலங்கையில் நான் கைதுசெய்யப்பட்டால், பிரித்தானியா தலையிடுமா? தேர்தலிலும் போட்டியிடலாமா?
– வாசகர், லண்டன்

பதில்: முதற்கேள்வியைப் பலர் விண்ணப்பம் அனுப்பிய பிறகுதான் கேட்கிறார்கள், அதற்கு முன்பே கேட்க வேண்டியது அது. ஒருவர் இரு நாடுகளின் பிரசையாக இருந்தால், அவற்றுள் ஒரு நாடு மற்ற நாட்டுக்கு எதிராக அவருக்கு இராஜதந்திரப் பாதுகாப்பு அளிக்க முடியாது என்று 1930ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை சொல்கிறது. இலங்கை மண்ணில் நீங்கள் இலங்கைப் பிரசை; பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயம் பொதுவாகத் தலையிடாது. பிரித்தானியப் பிரசையாக மட்டும் விசா பெற்று வருபவருக்கோ, 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின்படி தம் தூதரக அதிகாரியுடன் தொடர்புகொள்ளும் உரிமை உண்டு. கடந்தகால அரசியல் ஈடுபாட்டால் அச்சம் உள்ளவர்கள், காணி வாங்கும் உரிமையையும் இந்தப் பாதுகாப்பையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, சட்டத்தரணி ஒருவரிடம் பேசிய பிறகே கையொப்பமிடுங்கள்.

நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. இரட்டைக் குடியுரிமையாளருக்கு 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் கொண்டுவந்த தடையை 2020இல் 20ஆவது திருத்தம் நீக்கியது. 2022இல் 21ஆவது திருத்தம் அதை மீண்டும் கொண்டுவந்தது. சுவிஸ் குடியுரிமையும் வைத்திருந்த நாடாளுமன்ற உறுப்பினர் கீதா குமாரசிங்க 2017இல் நீதிமன்றத் தீர்ப்பால் ஆசனத்தை இழந்தார். வாக்களிப்பதற்குத் தடையில்லை, ஆனால் உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்க வேண்டும், வாக்குச்சாவடிக்கும் நேரில் வர வேண்டும்.