ஈரநிலம் ஒட்டிய மனைக்கு விதிவிலக்கு கிடைக்குமா?

ஈரநிலத்தை ஒட்டிக் கட்டடம் கட்டாமல் விட வேண்டிய இடைவெளி மனையின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது, இடர்ப்பாட்டைக் காட்டி அந்த விதியிலிருந்து விலக்குக் கேட்கலாமா என்கிறீர்கள். தாராளமாகக் கேட்கலாம். ஆனால் இதை முடிவு செய்யும் அமெரிக்க உள்ளாட்சி வாரியங்கள் பொதுவாக நிலத்தின் கஷ்டத்தைத்தான் பார்க்கும். சரிவு, பாறை, குறுகலான வடிவம் ஆகியவை எடுபடும். லாபம் குறையும் என்ற புலம்பல் மட்டும் எடுபடாது. மனையை நீங்களே பிரித்து விற்றதால் மிச்சம் குறுகியது என்றால், அது தானே தேடிக்கொண்ட வினை, பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள்.

ஈரநில எல்லை குறித்த நில அளவை வரைபடம் அவசியம். வீட்டைச் சிறிதாக்கி, சாலைப் பக்கம் நகர்த்திப் பார்த்த மாற்று வரைபடங்களையும் இணையுங்கள். நீங்கள் கேட்பது குறைந்தபட்ச விலக்குதான் என்பதற்கு அவைதான் சாட்சி. பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான். அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு போய், பொது விசாரணையும் நடக்கும். அதற்கு முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள்.