புள்ளிகளை எப்படிப் பணமாக்குவது? முதலில் அந்த டெலிகிராம் ஆளை விலக்குங்கள்

சிங்கப்பூரின் ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இணையத்தில் கருத்தாய்வுகளுக்குப் பதில் சொல்லி 8,000 புள்ளிகள் சேர்த்திருக்கிறார். அந்தத் தளம் நான்கு வழி காட்டுகிறதாம்: பேபால் கணக்கில் 40 அமெரிக்க டாலர், அதே தொகைக்கு அமெரிக்க அமேசான் அன்பளிப்பு அட்டை, 50 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) பேரங்காடி மின்பற்றுச்சீட்டு, இல்லாவிட்டால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயணச்சீட்டுக்குப் பயன்படும் 2,500 கிரிஸ்ஃபிளையர் மைல்கள். "எதை எடுத்தால் லாபம்? டெலிகிராமில் ஒருவர் 60 வெள்ளி தருவதாகச் சொல்கிறார். கணக்கின் கடவுச்சொல்லும் கைப்பேசிக்கு வரும் ஓடிபியும் கொடுத்தால் உடனே பேநவ்வில், அதாவது கைப்பேசி எண் வழியே வங்கிக் கணக்கில், போட்டுவிடுவாராம். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். அவருக்கு இனி பதிலே எழுத வேண்டாம். 50 வெள்ளி பெறும் பொருளுக்கு முன்பின் தெரியாத ஒருவர் ஏன் 60 வெள்ளி தர வேண்டும்? அவருக்கு வேண்டியது உங்கள் புள்ளிகள் அல்ல, ஓடிபி. நம்மில் பலர் ஒரே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருக்கிறோம். மின்னஞ்சல் கைமாறினால் மற்ற கணக்குகளும் அதன் பின்னாலேயே போகும். ஓடிபி குறுஞ்செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல் முழுதாகப் படியுங்கள். அது எதற்காக வந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும். உங்கள் வங்கி அட்டையை வேறொருவர் கைப்பேசியில் சேர்ப்பதற்கான ஓடிபியாகவும் அது இருக்கலாம். அதை வாசித்துக் காட்டிவிட்டால், அவர் உங்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாகப் போகலாம்.

சரி, 60 வெள்ளி உண்மையிலேயே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது ஏமாந்த இன்னொருவரின் பணமாக இருந்தால்? காவல்துறை அந்தப் பணத்தின் தடத்தைப் பிடித்து வரும்போது முடக்கப்படுவது உங்கள் சம்பளம் விழும் கணக்கு. அடுத்த கட்டமாக "சரிபார்க்க" என்று சொல்லி, அரசு மின்னடையாளக் கணக்கான சிங்பாஸின் விவரம் கேட்பார்கள். குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகிக்கக் காரணம் இருந்தோ சிங்பாஸ் விவரங்களைக் கொடுப்பது 2024 பிப்ரவரியிலிருந்து தனிக் குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்ற பதில் எப்போதும் எடுபடாது. 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் போன பணம் 1.1 பில்லியன் வெள்ளி. அதில் நம் அரசு அடுக்குமாடி (வீவக) அக்கம்பக்கத்தார் பணமும் இருக்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. "பணத்தை எடுக்க முதலில் 30 வெள்ளி கட்டுங்கள், பிறகு சேர்த்துத் திருப்பித் தருவோம்" என்று எந்தத் தளம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் பணத்தை உங்களுக்குத் தர எதற்கு முன்பணம்? "புள்ளிகள் இன்று நள்ளிரவோடு காலாவதி" என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தியையும் தொடாதீர்கள். 2022இலிருந்து இங்குள்ள வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் அழுத்தக்கூடிய இணைப்பு வைப்பதில்லை. சந்தேகம் என்றால் 1799க்கு அழையுங்கள். ஸ்கேம்‌ஷீல்டு எனும் மோசடித் தடுப்பு உதவி எண் அது, இரவும் பகலும் எடுப்பார்கள்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு வழியையும் வெள்ளிக்கு மாற்றிப் பாருங்கள், குழப்பம் தீரும். ஒரு டாலருக்கு 1.30 வெள்ளி என்று வைத்தால் 40 டாலர் 52 வெள்ளி. ஆனால் பேபால் டாலரை வெள்ளியாக்கும்போது சந்தை விலையைவிடச் சில விழுக்காடு குறைத்தே தரும். சிறு தொகையை வங்கிக்கு எடுத்தால் தனிக் கட்டணமும் பிடிக்கலாம். ஆக, கைக்கு வருவது ஏறக்குறைய 50, அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே. அதாவது பற்றுச்சீட்டின் மதிப்புதான், அலைச்சல் மட்டும் கூடுதல். அந்த அலைச்சலில் பெயர்ப் பிரச்சினை நம்மவர்களுக்கென்றே வாய்த்தது. வங்கிக் கணக்கில் எஸ்/ஓ, டி/ஓ (இன்னாரின் மகன், மகள்) என்று இருக்கும், இணையப் படிவமோ அந்தச் சாய்கோட்டை ஏற்காது. பிறகு "பெயர் பொருந்தவில்லை" என்று பணத்தை நிறுத்திவைப்பார்கள். இத்தனை ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கும் பெயர்களுக்கு ஒரு படிவத்தைச் சரிசெய்ய இவர்களுக்கு நேரமில்லை என்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அமெரிக்க அமேசான் அட்டை வேண்டாம். அமெரிக்கத் தளத்தின் அட்டை சிங்கப்பூர் அமேசானில் செல்லாது.

மைல்கள் எல்லாருக்கும் ஆசை காட்டும். உங்கள் 2,500 மைலை மட்டும் வைத்துச் சென்னைக்கு ஒருவழி இருக்கைகூட வாங்க முடியாது, அதற்குப் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டும். மைலை ஒரு காசு என்று போட்டால் உங்களுடையது 25 வெள்ளி, அதாவது பாதி விலை. ஒரே ஒரு நிலையில் மட்டும் இது மாறும். ஏற்கெனவே உங்களிடம் மைல்கள் இருந்து, ஒரு பயணச்சீட்டுக்கு இந்த 2,500தான் குறைகிறது என்றால் எடுங்கள். அதிலும் நிபந்தனைகள் உண்டு. போகும் தேதியில் மைலுக்கான இருக்கை காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், டிசம்பர் பள்ளி விடுமுறையில் கிடைப்பது அரிது. நீங்கள் போவது சென்னையா திருச்சியா என்பதும் முக்கியம். சென்னைக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போகிறது. திருச்சிக்கும் கோவைக்கும் போவது அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட், அங்கே மைலைச் செலவழித்தால் பொதுவாக மதிப்பு குறைவு. மைலில் எடுத்தாலும் விமான நிலைய வரியைக் காசாகக் கட்டத்தான் வேண்டும். மைல்கள் 3 ஆண்டில் காலாவதியாகும். மிச்சத்தை யாருக்காவது விற்கலாம் என்றும் நினைக்காதீர்கள். விதிப்படி அதற்கு இடமில்லை, கணக்கையே மூடிவிடலாம்.

ஆகவே, வாரந்தோறும் நீங்கள் சாமான் வாங்கும் பேரங்காடியின் பற்றுச்சீட்டை எடுங்கள். அரிசி, எண்ணெய், பால் எப்படியும் வாங்கத்தானே போகிறீர்கள். அந்தக் கடைக்கு நீங்கள் போவதே இல்லை என்றால் மட்டும் பேபால். எதுவானாலும் 8,000 புள்ளிகளையும் ஒரே நாளில் மாற்றாமல், தளம் அனுமதிக்கும் மிகக் குறைந்த தொகையை முதலில் எடுத்துப் பாருங்கள். அது வந்து சேர்ந்தபின் மற்றதை எடுக்கலாம். புள்ளியின் மதிப்பைத் தளம் நினைத்த நேரத்தில் குறைக்கலாம் என்று நீண்ட ஆங்கில விதிமுறையின் ஏதோ ஒரு மூலையில் எழுதி வைத்திருப்பார்கள். அதனால் இனிமேல் மூன்று நான்கு ஆண்டுகள் சேர்த்துவைக்காமல், எடுக்கக்கூடிய அளவு வந்ததும் எடுத்துவிடுங்கள்.

பற்றுச்சீட்டு வந்ததும் அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். அந்த டெலிகிராம் ஆளிடம் கடவுச்சொல்லை ஏற்கெனவே சொல்லியிருந்தால், புள்ளிகளைத் தொடும் முன்பே அதை மாற்றுங்கள், மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் சேர்த்து. ஓடிபியும் கொடுத்திருந்தால், வங்கியை அழைத்து அட்டையை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.