ஸ்டுட்கார்ட்டில் முதல் டிசம்பர்: கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் படித்தேன். போன மாதம்தான் ஜெர்மனிக்கு, இந்த ஸ்டுட்கார்ட்டுக்கு வந்திருக்கிறீர்கள், தனி ஆள், ஊர் நாகர்கோவில் பக்கம். குளிருக்கு எந்த ஜாக்கெட், ஆபீசில் யார் யாருக்குப் பரிசு கொடுக்கணும், சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று பார்க்கிற வரி வகுப்பை மாற்றலாமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கிறிஸ்துமஸுக்கு இங்கே என்ன ஏற்பாடு செய்யணும்?"

எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். மற்றதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். கல்யாணம் ஆகாத தனி ஆளுக்கு ஒன்றாம் வரி வகுப்புதான், அதில் மாற்ற ஒன்றுமில்லை. ஆபீசில் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பரிசு மாற்றிக்கொள்வார்கள், விஷ்டெல்ன் என்பார்கள். சீட்டில் வந்தவருக்கு மட்டும் ஏதாவது சின்னதாக வாங்குங்கள், போதும். ஜாக்கெட் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இப்போது காலண்டரை எடுங்கள். இந்த 2026இல் டிசம்பர் 24 வியாழக்கிழமை. அன்று மதியம் 2 மணிக்குள் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. 27 ஞாயிறு, ஞாயிற்றுக்கிழமை இங்கே கடை கிடையாது என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஆக, மறுபடி பால் பாக்கெட் வாங்க 28ஆம் தேதி திங்கள் காலையில்தான் முடியும். இதில் 26 சனிக்கிழமையில் விழுகிறது. அந்த விடுமுறை போனது போனதுதான், பதிலுக்கு வேறு நாள் தர மாட்டார்கள். பத்தொன்பது வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன், இது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. 24ஆம் தேதியும் சட்டப்படி வேலை நாள்தான். உங்கள் கம்பெனியில் என்ன வழக்கம் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இதைக் கேட்காமல் பட்டேன். 2007 அக்டோபரில் வந்தேன். அந்த வருஷம் 24 திங்கட்கிழமை, அதற்கு முந்தின நாள் ஞாயிறு. நம் ஊரில் 24 இரவுதானே கடைத்தெரு களைகட்டும்? பத்து மணிக்கும் துணிக்கடையில் கூட்டம், தெருமுனையில் ஸ்டார் விற்கிறவன், கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பைக்கில் போகிறவன். அந்தக் கணக்கில், எல்லாச் சாமானையும் 24 மாலை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு பட்டியல் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். புதிதாகச் சேர்ந்தவன், லீவைச் செலவழிக்க மனசில்லை. ஆபீசுக்குப் போனேன். மாடி முழுக்க நான் ஒருவன். மூன்று மணிக்குக் கிளம்பி சூப்பர் மார்க்கெட் வாசலுக்கு வந்தால் உள்ளே விளக்குகூட இல்லை. கண்ணாடிக் கதவில் என் முகம்தான் தெரிந்தது. வீட்டில் இருந்தது நாலு முட்டை, அரை டப்பா பால், அம்மா கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாய். அரிசி இரண்டு பிடி.

நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. தெருவில் ஒரு ஆள் இல்லை. ஜன்னல் தோறும் விளக்கு, உள்ளே ஆட்கள் நடமாடுவது தெரிகிறது, சத்தம்தான் வெளியே வரவில்லை. எங்கோ கோயில் மணி அடித்தது. அது யாருக்கு அடிக்கிறது என்று நான் யோசிக்கவில்லை பாருங்கள், அதுதான் அடுத்த தவறு.

எங்கள் சர்ச்சில் 25 விடிகாலை ஆராதனை. நாலு மணிக்கு எழுப்பி, குளிரக் குளிரக் குளிக்க வைத்து, புதுச்சட்டையின் மடிப்புக் கலையாமல் கூட்டிப் போவார்கள். அந்தப் பழக்கத்தில் நான் 25 காலை ஐந்தரைக்கு, இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தேவாலயத்துக்கு நடந்து போனேன். கதவு பூட்டியிருந்தது. சுற்றி வந்து பின்கதவைத் தள்ளிப் பார்த்தேன், அதுவும் பூட்டு. அறிவிப்புப் பலகையில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தால், பெரிய ஆராதனையெல்லாம் முந்தின நாளே முடிந்திருக்கிறது. மாலை நாலு மணிக்குப் பிள்ளைகள் நாடகம், இரவு இன்னொன்று. 25ஆம் தேதிக்குக் காலை பத்து மணிக்கு ஒன்று போட்டிருந்தார்கள். இங்கே எட்டு மணி வரை விடியவே விடியாது என்பதும் அன்றுதான் உறைத்தது. பத்து மணி வரை அங்கே நிற்க முடியுமா? கால் மரத்துவிட்டது. ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போய் ஒரு பிரெட்சலும் காபியும் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஸ்டேஷன், பெட்ரோல் பங்க் இரண்டும்தான் அந்த நாட்களில் துணை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன் போட்டபோது அம்மா, "என்னப்பா சமைச்சே?" என்று கேட்டாள். பிரியாணி என்றேன்.

எனக்கு விளங்க ஒரு வருஷம் ஆனது. இந்த ஊர்க்காரர்களுக்குப் பண்டிகை என்பது 24க்கு முந்தைய நாலு வாரம்தான். அட்வென்ட் என்கிறார்களே, அது. இந்த வருஷம் நவம்பர் 29 ஞாயிறு தொடக்கம். பச்சைக் கிளையால் வளையம் கட்டி அதில் நாலு மெழுகுவத்தி நட்டு, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே வருவார்கள். அந்த நாலு ஞாயிறும்தான் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் காபிக்குப் போவது, பலகாரம் சுடுவது, சந்தையில் கூடி நிற்பது எல்லாம். 1692லேயே இந்த ஊர்க் கிறிஸ்துமஸ் சந்தையைப் பற்றி எழுத்தில் குறிப்பு இருக்கிறது. பொருள் வாங்காவிட்டாலும் கடைகளின் கூரைமேல் செய்து வைத்திருக்கும் அலங்காரத்தைப் பார்க்கவாவது ஒரு மாலை போங்கள். அங்கே குடிக்கக் கொடுக்கிற கோப்பைக்கு முன்பணம் பிடிப்பார்கள், கோப்பையைத் திருப்பிக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ளுங்கள். 24 மதியத்தோடு கதவைச் சாத்திக்கொண்டால் அப்புறம் அவரவர் குடும்பம், அவ்வளவுதான். அன்று போய் யார் கதவையும் தட்ட முடியாது. தட்ட வேண்டிய கதவை அட்வென்ட்டிலேயே தட்டியிருக்க வேண்டும்.

நம்மவர்கள் சிலர் இருக்கிறார்கள், கூட்டத்தில் நீங்களும் சந்திப்பீர்கள். பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, "இவங்க ஊரு மாதிரியே இவங்களும் குளிர்ச்சிதான்" என்பார்கள். எதிர்வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது. இன்னொரு வகை டிசம்பர் பிறந்ததும் டிக்கெட் விலையைப் புலம்பிக்கொண்டே ஊருக்கு ஓடுவது. ஓடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வருஷமாவது இங்கே இருந்து பார்த்தால்தானே? நம் ஆட்களோடு சேர்ந்து ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்து சாப்பிடுவதும் நல்லதுதான், நானும் போகிறேன். அங்கே மட்டுமே போய்க்கொண்டிருந்தால் நாகர்கோவிலையே விட்டுக் கிளம்பியிருக்க வேண்டாமே.

ரொம்பப் பேசுகிறேன். நான் மட்டும் ஒழுங்கா? அதே 2007, டிசம்பர் 6, வியாழக்கிழமை காலை. முந்தின நாள் ஈரத்தில் நடந்து வந்ததால் ஷூவை ஊர்ப் பழக்கத்தில் வாசலுக்கு வெளியே விட்டிருந்தேன். படிக்கட்டு விளக்கு தானாக அணைந்துவிடும் ரகம். ஷூவை மாட்டுகிற நேரம் பார்த்து அணைந்தது. இருட்டில் வலது காலை நுழைத்தேன், 'மொறுக்' என்றது. விரலெல்லாம் பிசுபிசுப்பு. விளக்கைப் போட்டுப் பார்த்தால், சிவப்புத் தாள் சுற்றிய சாக்லேட் தாத்தா நசுங்கிக் கிடக்கிறார், அவருக்குக் கீழே ஒரு மாண்டரின் ஆரஞ்சு, இரண்டு வால்நட். ஷூவை வெளியே விடாதே என்று யாரோ காட்டுகிற கோபம் என்றுதான் நினைத்தேன். ஏற்கெனவே கேர்வோகே விஷயத்தில் எனக்கு ஒரு சீட்டு வந்திருந்தது. வாரம் ஒருவர் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும். முறை வந்தால் கதவுக் கைப்பிடியில் ஒரு அட்டை வந்து தொங்கும். அதை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டவன் நான். ஆகவே இதையும் தூக்கிக் குப்பையில் போட்டேன், அதுவும் தப்பான தொட்டியில். அதோடு, இது எதிர்வீட்டுப் பாட்டி வேலைதான் என்று நினைத்து, அவரைப் பார்த்தால் கண்ணைத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

ஜனவரியில் ஆபீசில் இதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னபோதுதான் ஒருவர் விளக்கினார். டிசம்பர் 5 இரவு பிள்ளைகள் வாசலில் பூட்ஸை வைப்பார்கள், விடிந்தால் நிக்கோலஸ் என்கிற புனிதர் அதில் தின்பண்டம் போட்டிருப்பார். பாட்டி என் ஷூவைப் பார்த்து, இந்தப் பையனும் ஆசையாக வைத்திருக்கிறான் போல என்று நினைத்திருக்கிறார். அந்த மாதம் ஊரிலேயே என்னை நினைத்த ஒரே ஆள். அவரிடம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் பிராயச்சித்தமாக அச்சு முறுக்கு சுட்டேன். அம்மா பெட்டியில் அச்சைத் திணித்து அனுப்பியபோது எடை கூடுகிறது என்று சண்டை போட்டிருந்தேன், அது உதவியது. முதல் பத்து வீண். பிறகு வந்தது. ஒரு டப்பாவில் போட்டு இரண்டாம் அட்வென்ட் ஞாயிறு மூன்று மணிக்கு மணியை அடித்தேன். பாட்டி டப்பாவைத் திறந்ததும், "ரோசன்குய்ஷ்லே!" என்று கத்தினார். எனக்குப் புரியவில்லை. உள்ளே போய் இழுப்பறையைக் குடைந்து ஒன்றை எடுத்து வந்தார். நீளக் கம்பி, நுனியில் பூ, மரக் கைப்பிடி. நம் அச்சேதான்! இந்தப் பக்கத்து ஆட்களும் அதே மாதிரி எண்ணெயில் பொரித்து மேலே சர்க்கரைப் பொடி தூவுவார்களாம். நம்முடையதில் அரிசி மாவு, தேங்காய்ப் பால், எள். அவர்களுடையதில் கோதுமை மாவு. அவர் பேசிய ஷ்வேபிஷ், அதாவது இந்தப் பக்கத்து வட்டார ஜெர்மன், எனக்குக் கால்வாசிகூடப் புரியாது. ஆனால் அச்சின் மேல் விளிம்பை விரலால் தொட்டுக் காட்டி, இதுக்கு மேலே மாவு ஏறக் கூடாது என்று தலையை ஆட்டினார். அது புரிந்தது. விளிம்பு மூழ்கினால் மாவு அச்சை விட்டுக் கழலாது. அம்மா போனில் தொண்டை வறளச் சொன்னதும் அதைத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் அவர் வீட்டுச் சமையலறையில்தான் நான். குட்ஸ்லே என்று அவர்கள் சொல்கிற சின்னச் சின்னப் பிஸ்கட் ரகங்கள் ஏழெட்டுக் கற்றுக்கொண்டேன். ஷ்ப்ரிங்கர்லே என்று ஒன்று, மர அச்சில் படம் அழுத்தி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு மறுநாள் அடுப்பில் வைக்க வேண்டும். மேல்பக்கம் காய்ந்திருப்பதால் அடியிலிருந்து எழும்பும், கால் முளைத்த மாதிரி இருக்கும். கால் முளைக்காவிட்டால் அவருக்கு அன்றைய பொழுதே போச்சு. சுட்டவுடன் பல் உடையும், சில வாரம் டப்பாவில் இருந்தால்தான் பதப்படும். அதனால்தான் நவம்பரிலேயே சுடுவது. 2019இல் அவர் மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது அந்த ரோஜா அச்சை என்னிடம் கொடுத்தார். அம்மாவின் அச்சும் அதுவும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. எது எது என்று என் மகளுக்குத் தெரியாது, கைக்கு வந்ததை எடுப்பாள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 22, 23 தேதிக்குள் நாலு நாளைக்கு வேண்டியதை வாங்கிவிடுங்கள், 24 காலைக் கூட்டத்தில் சிக்காதீர்கள். 24 மாலை நாலு மணி ஆராதனைக்கு மூன்றரைக்கே போங்கள். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்களும் அன்று வருவார்கள், இடம் கிடைக்காது. நெய்ப் பலகாரமும் பால்கோவாவும் பார்சலில் அனுப்பச் சொல்லி அம்மாவைக் கேட்காதீர்கள். பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து அனுப்பக் கூடாது, சுங்கத்தில் பிடித்தால் அழித்துவிடுவார்கள். அச்சை அனுப்பச் சொல்லுங்கள், இரும்புக்குத் தடையில்லை.

அட்வென்ட்டில் யாராவது காபிக்குக் கூப்பிட்டால் யோசிக்காமல் போங்கள். மூன்று மணி என்றால் மூன்று மணி. வாசலில் ஷூவைக் கழற்றச் சொல்வார்கள். ஜாக்கெட்டைக் கேட்டீர்களே, அதை அவர்கள் வாங்கி மாட்டிவிடுவார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். ஓட்டையில்லாத சாக்ஸ் நாலு ஜோடி வாங்குங்கள். முதல் தடவை பாட்டி வீட்டில் என் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, மேசைக்கு அடியிலேயே இரண்டு மணி நேரம் காலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.